பொலிஸ்காரரின் முதுகில் பட்ட பந்து

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் முதலில் ஒன்றை நம்ப வேண்டும். இங்கே பொலிஸ்காரர்கள் பந்து விளையாடுவார்கள். கோடு போட்ட காற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைகளில், பெண்சாதி பிள்ளைகள் கோப்பியோடு பார்த்துக்கொண்டிருக்க விளையாடுவார்கள். நாங்கள் ஊரில் பொலிஸ் ஜீப்பைக் கண்டால் பந்தைத் தூக்கிக்கொண்டு வேலி பாய்ந்தவர்கள். இது எனக்குப் பழக எவ்வளவோ காலம் எடுத்தது.

விளையாட்டின் பெயர் பேஸ்போல். நோர்வேக்காரருக்கும் அது பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த ஓர் இன்ஸ்பெக்டர் இரண்டு மட்டையும் ஒரு பை நிறையக் கையுறைகளும் கொண்டுவந்து, ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் இதைத் தொடக்கிவைத்தார். நிலையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவள் அங்கேதான் பொலிஸாக இருக்கிறாள், அந்த அணியிலும் விளையாடுகிறாள். பெயர் ஆரணி. எங்களுக்கு ஒரே பிள்ளை.

இந்த வருடம் அணிக்கு ஆண்டுவிழா. அணியின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஆளுக்கொரு அத்தியாயம் பிரித்தபோது, தொடக்க காலத்தை ஆரணி கேட்டு வாங்கினாள். அந்தக் காலத்து ஆட்டக்காரரில் இன்னும் மைதானத்துக்கு வருகிற ஒரே ஆளோடு தமிழில் கதைக்கக்கூடியவள் அவள்தான். அந்த ஆள் அல்போன்ஸ்.

அல்போன்ஸ் யார் என்று சொல்வதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் முப்பது வருடத்துக்கு மேலாக எரிச்சல். பொறாமை என்று எழுதினால் ஏதோ படித்தவர்களின் வருத்தம் மாதிரி இருக்கிறது. எனக்கு இருப்பது சாதாரண எரிச்சல், வயிற்றில் இருக்கிறது. பிரசரையும் சீனி வருத்தத்தையும் ஒளிக்காமல் சொல்கிற வயதில் இதையும் சொல்லலாம்.

2

அல்போன்ஸ் ஊர்காவற்றுறைக்காரன், நான் கரவெட்டிக்காரன். இங்கே வந்துதான் சந்தித்தோம். ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள அம்மருட்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் ஓர் அறையை இரண்டு பேரும் பங்குபோட்டு இருந்தோம். நான் இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். கலியாணத்துக்குப் பிறகு மூன்று அறை வீடாக மாறியது, அவ்வளவுதான். அவன் இப்போது அப்பிள் மரம் நிற்கிற முற்றத்தோடு ஒரு வரிசை வீட்டில் இருக்கிறான்.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். விடியவே போய் உருளைக்கிழங்கு அவித்து, மீனுருண்டைக்கு வெள்ளைக் குழம்பு காய்ச்சி வைக்கிற வேலை. சனிக்கிழமைகளிலும் இருக்கும். அல்போன்ஸுக்கு அணியிலிருந்த ஒருவர் மூலம் அந்தப் பொலிஸ் நிலையத்திலேயே கட்டடப் பராமரிப்பு வேலை கிடைத்தது. இடுப்பில் கதவுத் திறப்புக் கோர்வையோடு நடப்பான். நான் வகுப்புக்குப் போய், இலக்கணம் படித்து, சோதனை எழுதி நோர்வேஜிய மொழி பழகினேன். வங்கியில் நான் வாயைத் திறந்தால் இன்னும் "மெதுவாகச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவன் மைதானத்து வாங்கில் இருந்து பொலிஸ்காரரோடு பகிடிவிட்டுப் பழகியவன். தொலைபேசியில் கதைத்தால் அவனை ஒஸ்லோவில் பிறந்தவன் என்று நினைப்பார்கள். என் எரிச்சலில் பாதி அந்தத் தொலைபேசிக் குரலுக்கானது.

மீதிப் பாதிக்குக் காரணம் ஆரணி. அவள் சின்னவளாக இருக்கும்போது, எனக்கு வேலை உள்ள சனிக்கிழமைகளில் அல்போன்ஸ் வந்து அவளைத் தன் பிள்ளைகளோடு மைதானத்துக்குக் கூட்டிப்போவான். மனுசிக்கும் அது வசதி. பின்னேரம் அவள் முழங்காலெல்லாம் புழுதியோடு வந்து, "அல்போன்ஸ் மாமா இப்பிடிப் பிடிச்சவர், அல்போன்ஸ் மாமா அப்பிடி அடிச்சவர்" என்று சோறு ஆறும்வரை கதைப்பாள். நான் கையைக் கழுவிவிட்டு எழும்பிவிடுவேன். ஒரு ஆட்டத்துக்குக்கூட நான் போனதில்லை. முதலில் வேலை என்று சொன்னேன், பிறகு நாரிப்பிடிப்பு என்று சொன்னேன்.

அவள் பொலிஸ் கல்லூரிக்கு விண்ணப்பித்த வருடம் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அப்பா, உங்களுக்குப் பொலிஸ் எண்டா பயமா? அம்மா அப்பிடிச் சொல்லுறா."

"எனக்கோ? நான் ஒருத்தருக்கும் பயந்தவனில்லை" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்தக் கட்டிப்பிடிப்பைக் காப்பாற்றிக்கொண்டுதான் இத்தனை வருடமும் இருந்தேன்.

3

நான் ஏன் மைதானத்துக்குப் போவதில்லை என்பதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. போன மாதம் வரைக்கும் அதை யாருக்கும் சொன்னதில்லை.

அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் நாங்கள் அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பேப்பர்களை எல்லாம் ஒரு கடைப் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவோம். கையெழுத்து வாங்குகிறவர் ஹால்வோர் என்கிற இன்ஸ்பெக்டர், அமெரிக்காவிலிருந்து மட்டை கொண்டுவந்த அதே மனிதர். ஆறடிக்கு மேலே உயரம். ஒருநாள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பின்பக்கத்து மைதானத்துக்கு வாருங்கள், ஆள் போதாது" என்றார்.

அது அழைப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்குப் பொலிஸ்காரன் வா என்றால் போக வேண்டும் என்று மட்டும்தான் தெரியும். எதற்கு ஆள் போதாது என்று கேட்கவும் பயம். வெள்ளிக்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. சனிக்கிழமை சேட்டுக்கு இஸ்திரி போட்டு, அகதி முகாமில் கொடுத்த ஒரே மாதிரி நீல ஜாக்கெட்டுகளை மாட்டி, பேப்பர்ப் பைகளோடு போய் நின்றோம். எங்கள் கையில் ஆளுக்கொரு தோல் கையுறையைத் தந்தார்கள்.

என்ன விளையாட்டு என்று பார்த்தால், கிட்டத்தட்ட எங்கள் எல்லே. பள்ளிக்கூடத்தில் நான் எல்லே அணியில் இருந்தவன். மட்டையால் அடித்துவிட்டு ஓடுகிறான், இடையிடையே நிற்கிறான், சுற்றி வந்தால் ஓட்டம். எனக்கு உயிர் வந்தது. பேப்பர்ப் பையை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுத் தூரத்தில் போய் நின்றேன். ஹால்வோர் அடித்தார். பந்து என்னிடம் வந்தது. அவர் இரண்டாவது தரிப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

எல்லேயில் ஓடுகிறவனுக்குப் பந்தால் எறிந்து விழுத்தினால் அவன் ஆட்டமிழந்தான். பள்ளிக்கூடத்தில் அதற்கு நான் பெயர்போனவன். கையுறையிலிருந்து பந்தை எடுத்தது தெரியும், எறிந்தது தெரியும். யோசித்ததாக நினைவில்லை. பந்து போய் ஹால்வோரின் இரண்டு தோள்களுக்கும் நடுவில் பட்டது. எல்லேக்கு ரெனிஸ் பந்து, பட்டாலும் சிரிப்புத்தான். இது தோல் போர்த்த பந்து, கல்லுப் போல இருக்கும். அந்த ஆறடி மனிதர் முகம்குப்புற விழுந்தார்.

பேஸ்போலில் ஓடுகிறவனுக்கு எறியக் கூடாதாம். பந்தைத் தரிப்பில் நிற்கிறவனுக்குத்தான் எறிய வேண்டுமாம். அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. என் விண்ணப்பத்தை வைத்திருக்கிற பொலிஸ்காரரை அவருடைய மைதானத்திலேயே நான் விழுத்திவிட்டேன். மரத்தடிக்கு ஓடினேன், பேப்பர்ப் பையை எடுத்தேன், அப்படியே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் அல்போன்ஸ் வந்து, "ஒண்டுமில்லை, அவர் எழும்பிட்டார்" என்று மட்டும் சொன்னான். அடுத்த கிழமை கையெழுத்துப் போடப் போனபோது நான் தலையே நிமிரவில்லை. ஹால்வோரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கு விசா வந்தது. அல்போன்ஸுக்கு அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முதல்தான் வந்திருந்தது. அவன் மட்டும் சனிக்கிழமைகளில் தொடர்ந்து மைதானத்துக்குப் போனான். அந்தக் கோடைகாலம் முழுக்க விடிய எழும்பி, கட்டடத்துக்குப் பின்னால் நின்ற பேர்ச் மரத்துக்குத் தனியப் பந்து எறிவான். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். விசரன், பொலிஸ்காரருக்கு வால்பிடிக்கப் பாடுபடுகிறான் என்று சிரிப்பேன்.

4

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். புட்டும் இறால் குழம்பும். சாப்பிட்டு முடிய, அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். நோர்வேஜிய மொழியில் எழுதியதைப் பாதி தமிழில் மாற்றி மாற்றி வாசித்தாள்.

"இதுதான் அப்பா தொடக்கம். கேளுங்கோ. அல்போன்ஸ் மாமா முதல் நாளே என்ன செய்தவர் தெரியுமா? ரூல் தெரியாமல் ஹால்வோருக்குப் பந்தாலை எறிஞ்சு விழுத்திப்போட்டார். எங்கடை அணியிலை எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். புதுசா ஆர் வந்தாலும் முதல் இதைத்தான் சொல்லுவினம்."

நான் தண்ணீர்க் கோப்பையை வைத்தேன். "ஆர் எறிஞ்சதெண்டு சொன்னவன்?"

"மாமாதான். அவர்தான் எறிஞ்சவர். அந்த எறியைப் பாத்துத்தான் அவரை அணியிலை எடுத்தவை."

"அவனே சொன்னவனோ?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்லை" என்றேன். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வேலை, வீடு, மொழி, பிள்ளையின் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் எடுத்தவன் கடைசியில் என் எறியையும் எடுத்துவிட்டான். நான் வெட்கப்பட்டு மூடிவைத்திருந்த ஒன்றை அவன் பெருமையாக்கிச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறான். அன்றிரவு நித்திரை வரவில்லை என்று எழுதலாம். வந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று மனுசி சொன்னாள்.

5

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து, ஒரு பழைய கையுறைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான்.

"வா நேசன். என்ன, வழி தவறி வந்திட்டியோ?"

"ஹால்வோருக்குப் பந்தாலை எறிஞ்சது ஆர்?"

எண்ணெய்த் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தான். "நீ."

"பிறகேன் என்ரை பிள்ளைக்கு நீ எண்டு சொன்னனீ?"

"பிள்ளைக்கு மட்டுமே? எல்லாருக்கும் அப்பிடித்தான். அண்டைக்கே சொன்னது." கதிரையை என் பக்கம் தள்ளினான். "இரு. நீ ஓடினாப் பிறகு அந்தாள் எழும்பி, முதுகைத் தடவிக்கொண்டு, ஆர் எறிஞ்சது எண்டு கேட்டது. மற்றவைக்கு எங்கள் ரெண்டு பேரையும் வித்தியாசம் பிடிக்கத் தெரியாது, ஒரே நிற ஜாக்கெட். எனக்கு விசா வந்திட்டுது. உன்ரை பேப்பர் அந்தாளின்ரை மேசையிலை கிடந்தது. நான் எண்டு சொன்னன்."

நான் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன். "நான் ஓடினது ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"வேலைக்கு நேரம் போச்சுது எண்டு சொன்னன்."

"எனக்கு அப்ப வேலையே இல்லை."

"அது அவைக்குத் தெரியாதே. என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப்போயினம் எண்டுதான் நிண்டனான், மச்சான். கால் நடுங்கினது. அந்தாள் சிரிச்சுப்போட்டு, அவ்வளவு தூரத்திலை இருந்து இப்பிடி எறியிற கை எங்களுக்கு வேணும், அடுத்த சனியும் வா எண்டுது."

"உனக்கு எறியத் தெரியாதே."

"அதுதானே கரைச்சல். ரெண்டு மாசம் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி மரத்துக்கு எறிஞ்சு பழகினனான். நீ ஜன்னலிலை நிண்டு சிரிச்சனீ."

அப்போதுதான் கதிரையில் இருந்தேன். பேர்ச் மரத்தின் பட்டை ஓரிடத்தில் தேய்ந்து கறுத்துப் போயிருந்தது நினைவுக்கு வந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முதல் உனக்கு விசா வரட்டும் எண்டு இருந்தன். வந்தாப் பிறகு சொன்னா நீ எனக்கு நன்றி சொல்லவேணும். உன்ரை முகத்துக்கு அது சரிவராது. எரிச்சலோடை இருக்கேக்கைதான் நீ வடிவு." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கையுறையைப் பார்த்தபடி சொன்னான். "உண்மையைச் சொன்னா, எனக்கு அந்தக் கதை பிடிச்சுப் போச்சு. சொல்லுற நேரமெல்லாம் சனம் சிரிக்கும். விட மனம் வரேல்லை. பொய்தான், தெரியும்."

"இப்ப புத்தகத்திலை வரப்போகுது."

"அச்சுக்குப் போகேல்லை. பிள்ளைக்குச் சொல்லு. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"எறிஞ்சதைச் சொன்னா ஓடினதையும் சொல்லவேணும்."

"ஓம்" என்றான். "அது உன்ரை பாடு."

பஸ்ஸில் வரும்போது என் எரிச்சல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இன்னும் கூடியது. அவனுடைய வேலைக்கும் வீட்டுக்கும் எரிச்சல்பட்டால், அதிர்ஷ்டம் என்று சொல்லி ஆறலாம். கால் நடுங்க நின்றுகொண்டு நான்தான் என்று சொன்னதற்கு என்ன சொல்லி ஆறுவது? அந்த இடத்தில் அவன் ஓடி நான் நின்றிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். விரலை நீட்டி அவன் ஓடிய திசையைக் காட்டியிருப்பேன்.

6

இரண்டு நாள் பொறுத்து ஆரணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று எழுத ஆசை. ஆனால் எரிச்சலில்தான் சொன்னேன். அந்த எறியாவது எனக்கு வேண்டும் என்றிருந்தது.

குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம். எறிந்ததைச் சொல்லும்போது அவளுடைய கண் விரிந்தது. "அப்பா, நீங்களா?" என்றாள். அந்த முகத்தை நான் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கண்டிருக்கிறேன், ஆனால் அது எனக்காக வந்ததில்லை. அதோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு மீதியையும் சொன்னேன். அல்போன்ஸ் நின்றதையும் சொன்னேன்.

"நீங்கள் ஓடினீங்களா?"

"ஓம்."

"ஹால்வோரைப் பாத்தா? அவர் ஈ எறும்புக்கும் தீங்கு செய்யமாட்டாரே."

"ஹால்வோரைப் பாத்து இல்லை. பொலிஸைப் பாத்து."

அவளும் பொலிஸ்தானே. மேசையில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவனில்லை என்று நான் சொன்ன நாள் அவளுக்கும் நினைவு வந்திருக்கும்.

"எவ்வளவு தூரம் ஓடினீங்கள்?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஸ்டேசன் வரைக்கும். ரெயின் வரப் பத்து நிமிசம் எண்டு போட்டிருந்தது. நிக்கப் பயம். வீடு வரைக்கும் ஓடினனான்."

"அம்மருட் வரைக்குமா?" சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி, எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "எல்லாத்தையும் எழுதப்போறன் அப்பா. ஓடினதையும். சரிதானே?" என்றாள். சரி என்றேன், வேறு என்ன சொல்வது.

7

விழா போன சனிக்கிழமை. வேலைக்கு லீவு போட்டேன். முப்பது வருடத்துக்கு மேலே கழித்து அந்த மைதானத்தில் கால் வைத்தேன். கூடாரம் அடித்து, வாஃபிளும் பழுப்புச் சீஸும் கோப்பியும் வைத்திருந்தார்கள். அந்த மரத்தைக் காணவில்லை, அந்த இடத்தில் சைக்கிள் தரிப்பிடம் இருந்தது.

ஹால்வோர் வந்திருந்தார், நடக்கத் துணைக்கு ஒரு தள்ளுவண்டியைப் பிடித்தபடி. எண்பது தாண்டிவிட்டது, காதும் மந்தம். அல்போன்ஸைக் கண்டதும் அவனுடைய தோளில் தட்டி, "என்ன எறி அது, இன்னும் மழைக்கு வலிக்கிறது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். "ஆரணியின் அப்பா" என்றான் அல்போன்ஸ். என் வயிறு வழக்கம்போல எரிந்தது.

ஆரணி ஒலிவாங்கியில் தன் அத்தியாயத்தை வாசித்தாள். "பந்து எறிந்தவர் சிவநேசன், என்னுடைய அப்பா" என்று அவள் வாசித்தபோது சிரிப்பும் கைதட்டலும் வந்தன. நான் எழும்பித் தலையை ஆட்டினேன். நல்ல கைதட்டல்தான், குறை சொல்ல மாட்டேன். அவர் அம்மருட் வரைக்கும் ஓடினார் என்றதும் இன்னும் சிரித்தார்கள். ஏன் ஓடினார் என்பதை அவள் மெதுவாக, இரண்டே வரியில் வாசித்தாள். சீருடையில் நின்ற இளம் பொலிஸ்காரர் ஒருவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

பிறகு அவள், அன்றைக்கு ஓடாமல் நின்று, எறியாத பந்தைத் தான் எறிந்ததாகச் சொன்னவர் அல்போன்ஸ் என்று வாசித்தாள். தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள்தான் முதலில் தட்டத் தொடங்கினாள். கூடாரம் முழுக்க எழும்பியது. ஒன்றும் கேளாத ஹால்வோரும் தள்ளுவண்டியைப் பிடித்து எழும்பினார். எனக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு சத்தம். அல்போன்ஸ் யாரையும் பார்க்காமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், அவனுடைய கால் அன்றைக்கும் நடுங்கியது.

நானும் எழும்பித் தட்டினேன். எல்லோருக்கும் கொஞ்சம் பிந்தித்தான். ஆனால் மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் நான் தட்டிக்கொண்டு நின்றதாக ஆரணி சொல்கிறாள்.